விலையில்லாத மென்பொருள்

எனக்கும் அவளுக்கும் முதல் பேச்சே சண்டைதான். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருவரும் சர்க்யூட் போர்டு வடிவமைத்துக்கொண்டிருந்தோம். அதற்கான மென்பொருள் விலை மிக அதிகம். கம்ப்யூட்டரில் ஒரு சாவியைச் செருகினால்தான் திறக்கும். பார்க்கப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். எங்கள் பிரிவில் ஆட்களைவிடச் சாவிகள் குறைவு. ஒரு நாள் நான் காபி குடிக்கப் போன நேரத்தில் என் கம்ப்யூட்டரிலிருந்த சாவியை அவள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். சேமிக்காமல் வைத்திருந்த வேலை அப்படியே போயிற்று. நான் கன்னடத்தில் கத்தினேன். அவளும் கன்னடத்தில் திருப்பிக் கத்தினாள்.

சில வாரம் கழித்து மாடிப்படியில் அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"இல்லீங்ப்பா, சனிக்கெழம வந்தர்றனுங். எல வெட்டறக்கு ஆளு வரலீங்களா?"

நான் நின்றுவிட்டேன். அவள் போனை வைத்ததும், "நீ தமிழா?" என்றேன்.

"ஏனுங், உங்குளுக்குத் தமிழ் தெரியுங்களா?"

இரண்டு தமிழ்ப் பெண்கள் இத்தனை நாள் கன்னடத்தில் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் கொள்ளேகாலைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். வீட்டில் மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. என் அப்பா ரயில்வே பணிமனையில் வேலை செய்தவர். நான் மைசூரிலேயே பிறந்து, கன்னடத்தில் படித்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். 'சும்மா'வை 'சும்னே' என்பேன், 'டீ' போட வேண்டிய இடத்தில் 'கணே' என்பேன். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு அடங்காது. அதற்குப் பிறகு அவள் என்னைப் 'புள்ளே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அவளைக் 'கணே' என்றேன்.

சில வருடங்களில் அந்தக் கம்பெனி மைசூர்க் கிளையை மூடிவிட்டுப் பெங்களூருக்குப் போனது. எனக்குக் கல்யாணமாகி மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், கணவருக்கு இங்கே வங்கியில் வேலை. அவளுக்கோ வாரம் தவறாமல் ஊருக்குப் போயாக வேண்டும். அப்பா தனியாகப் புழு வளர்க்கும் மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பெங்களூர் போகவில்லை. வித்யாரண்யபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே அறை எடுத்து, மற்றவர்களுக்குப் போர்டு வடிவமைத்துத் தருவது என்று முடிவு செய்தோம். கீழே கேழ்வரகு அரைக்க ஆரம்பித்தால் மேலே மேசை நடுங்கும். மவுஸைப் பிடித்த கையும் நடுங்கும். நுணுக்கமான வேலை இருந்தால் அவள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, சொல்ப நிதானா" என்று கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லிக் கெஞ்சுவாள்.

தொழில் என்றதும் முதல் கேள்வி மென்பொருள்தான். பழைய கம்பெனியில் இருந்ததை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர், பூட்டை உடைத்த பிரதி தன்னிடம் இருப்பதாகவும் பென்டிரைவ் கொண்டுவந்தால் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

"ஊர்ல முக்காவாசிப் பேரு அதத்தான் புள்ளே வெச்சிருக்கறாங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றாள் அவள்.

"யாரும் பாக்க மாட்டாங்க கணே. ஆனா எனக்கு வேணாம்."

திருட்டு என்பதால் மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. கம்பெனி மூடிய வாரத்தில், நான் முதன்முதலாக வடிவமைத்த போர்டை ஒருமுறை திறந்து பார்க்க ஆசைப்பட்டேன். சாவிகளை அதற்குள் பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். கோப்பு எதிரே இருக்கிறது, திறக்கவில்லை. மின்சாரம் ஓட என் கையால் இழுத்த ஒவ்வொரு தடமும் அதற்குள் இருக்கிறது, எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறது. அந்தக் கோபம் எனக்குள் இருந்தது.

அப்போதுதான் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். அன்றைய நிலையில் அது முரடு. மெனுவில் எங்கே என்ன இருக்கிறது என்று புரியாது. திடீரென்று நின்றுபோகும். அவள் அரை மணி நேரம் போராடிவிட்டு, "இது எருமையக் கட்டி ஓட்டறாப்பல இருக்குது புள்ளே" என்றாள். நான் அதன் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தேன். வெறும் எழுத்து. இந்தத் தடம் இங்கே ஆரம்பிக்கிறது, இங்கே முடிகிறது, அகலம் இவ்வளவு என்று வரிவரியாக இருந்தது. மென்பொருளே இல்லாமல் போனாலும் படித்துவிடலாம். அந்த நிமிடம் நான் முடிவு செய்துவிட்டேன். வேலைக்கு வசதி எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்றை, மனசு போன வழியில் தேர்ந்தெடுத்தேன்.

அவளும் கூட வந்தாள். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள்.

எங்களுடைய சொந்தச் சரக்கு என்று ஒன்று வந்தது அவள் அப்பாவால். பட்டுப்புழு மனையில் ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும். காற்று காய்ந்தால் இலை வாடிப் புழு தின்னாது. ஈரம் மிஞ்சினால் நோய் வந்து, புழு சுண்ணாம்புக்கட்டிபோல விறைத்துப்போகும். அவர் கோடையில் ஜன்னலெல்லாம் நனைத்த கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, ராத்திரியும் எழுந்து எழுந்து தண்ணீர் தெளிப்பார். ஈரத்தை அளந்து, தேவைப்படும்போது தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும் பனித்தூவியையோ மின்விசிறியையோ தானாகப் போட்டு நிறுத்தும் ஒரு சின்னப் பெட்டி செய்தால் என்ன என்று அவள்தான் கேட்டாள்.

முதல் போர்டு பெங்களூரிலிருந்து அச்சாகி வந்தது. அதில் விசிறியைப் போடும் ரிலேவை வைத்தால் கால்கள் எதுவும் துளையில் பொருந்தவில்லை. இலவச மென்பொருளின் களஞ்சியத்தில் அந்த ரிலேவின் படம் இல்லாததால், நானே வரைந்திருந்தேன். தயாரிப்பாளர் கொடுத்திருந்தது கீழிருந்து பார்க்கும் படம். அதை மேலிருந்து பார்ப்பதாக நினைத்து வரைந்துவிட்டேன். எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாக மாறியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரிலேவை அடிப்பக்கமாக வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அவ்வளவுதானே புள்ளே! மேல வெக்க வேண்டியதக் கீள வெச்சா முடிஞ்சுது. பொட்டிய ஒசரமாத் தூக்கிக்கலாம்" என்று சிரித்தாள்.

அந்தக் கோணல் போர்டைத்தான் அவள் அப்பாவின் மனையில் மாட்டினோம். அன்று அவர் மனை வாசலில் நின்று, விசிறி தானாகச் சுற்றி நிற்பதைக் கைகட்டிக்கொண்டு பார்த்தார். "அம்மிணி, இனி நானு தூங்கலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பருவத்தில் பட்டுக்கூடு நன்றாக வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டார்கள். அப்புறம் கொள்ளேகாலில், அப்புறம் குண்டலுபேட்டைப் பக்கம்.

இதற்கிடையில் அந்த மென்பொருளோடு அவளுக்கு ஒரு சொந்தமே உண்டாகிவிட்டது. போர்டின் காலி இடத்தைத் தாமிரத்தால் நிரப்பும்போது, அது சில இடங்களில் தொடக்கூடாத தடத்தைத் தொட்டுவிடும். நான் ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே கையால் சரிசெய்வேன். அவள் அப்படி விடவில்லை. எந்த மாதிரிச் சமயத்தில் அப்படி ஆகிறது என்று பொறுமையாகச் சோதித்து, படம் பிடித்து, தன் ஆங்கிலத்தில் எழுதி, அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்பினாள். மறுநாள் காலை ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து ஒருவர் நன்றி சொல்லிப் பதில் எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் அந்தப் பிழை இல்லை.

"நாம சொன்னதக் கேட்டாங்க புள்ளே! அந்தக் கம்பெனில நாலு வருசமாக் கத்துனோமே, ஒருத்தனாச்சும் காது குடுத்தானா?"

அன்று அவள் கீழே மில்காரரிடம்கூட அதைச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷப்பட்டார். எங்களுடைய நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன். பாகங்களின் படங்களை அவள் வரைந்து பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவாள். எங்கள் ஈரப்பதப் பெட்டியின் வடிவமைப்பையும் யாரும் பார்க்கும்படி போட்டுவிட்டோம். அது என் யோசனை. அவள் கொஞ்சம் தயங்கினாள், பிறகு சரி என்றாள். அவள் தயங்கிச் சரி என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

விவசாயக் கருவிகள் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஒருவர் எங்களைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். ஒரு விவசாயியின் மனையில் எங்கள் பெட்டியைப் பார்த்திருக்கிறார். நடுவயது, மரியாதையானவர். மாவுப் பொடி படிந்த நாற்காலியில் தயங்காமல் உட்கார்ந்து, நாங்கள் தந்த காபியைக் குடித்தார். தங்கள் நிறுவனமே அதைச் செய்து, தாலுகாதோறும் விற்கும் என்றார். எங்கள் இருவருக்கும் தொடர்ந்து வடிவமைப்பு வேலை தருவதாகவும் சொன்னார். நிபந்தனை இரண்டு. வடிவமைப்பு பொதுவில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் அவர்கள் பயன்படுத்தும் விலை உயர்ந்த மென்பொருளுக்கு மாற்றித் தர வேண்டும். இனி எங்கள் வேலையும் அதில்தான். உரிமம் அவர்களே வாங்கித் தருவார்கள்.

யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அன்று வெள்ளிக்கிழமை. அவளை ஊருக்கு அனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொள்ளேகால் பஸ் இன்னும் வரவில்லை. இருவரும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நல்ல மனுசனாத்தான் தெரியறாரு" என்றாள்.

"மனுஷன் நல்லவர்தான் கணே. ஆனா மறுபடியும் அந்தச் சாவிக்குள்ள போய் உக்காரணுமா? நாளைக்கு அவங்க வேணாம்னு சொல்லிட்டா, நாம செஞ்சத நாமளே தெறக்க முடியாது."

"அது செரி. ஆனா ஊருக்கெல்லாம் போய்ச் சேரும் புள்ளே. நம்ம ரெண்டு பேரு சால்டர் பண்ணி எத்தன மனைக்குக் குடுக்க முடியும்?"

"மெல்லமா ஆகும். இவ்ளோ பேர் நம்மள நம்பித்தான எடுத்துக்கறாங்க? பொதுவுல போட்டுட்டு, இப்ப துட்டு வருதுன்னு எடுத்துட்டா, உனக்குப் பதில் எழுதுனாரே அவருக்கு என்ன கணே சொல்லுவ?"

 அவள் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொஞ்சம் கொட்டினாள். நான் இன்னும் ஏதேதோ சொன்னேன். எனக்கு நன்றாகப் பேச வரும். சுதந்திரம், சொந்தம் என்றெல்லாம் சொல்லியிருப்பேன். டி.நரசீபுரம் வழியாகப் போகும் கொள்ளேகால் பஸ் வந்து நின்றது. அவள் எழுந்து பையைத் தோளில் போட்டாள்.

"உனக்கு வேண்டாம்னா வுடு புள்ளே" என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கை அசைத்தாள். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த நிறுவனத்துக்கு மரியாதையாக மறுப்பு எழுதினோம். அவர்களும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அடுத்த வருடமே அவர்களுடைய பெட்டி தாலுகாக் கடைகளில் வந்துவிட்டது. எங்களுடையதைப் பார்த்துச் செய்ததல்ல, அவர்களே புதிதாக வடிவமைத்தது. எங்களுடையதைவிட விலை குறைவு, பார்க்கவும் அழகு. கெட்டுப்போனால் கடையிலேயே மாற்றித் தருவார்கள். எங்களைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு கொரோனா வந்து போனது. எங்கள் பெட்டியின் மூளையாக இருந்த சிப் எங்கேயும் கிடைக்கவில்லை. எங்களைப் போல ஒரு கைப்பிடி மட்டும் வாங்குகிறவர்களுக்கு எந்த வியாபாரி ஒதுக்கி வைப்பான்? வேறு சிப்புக்கு ஏற்றபடி போர்டை மாற்றினோம். அதுவும் தீர்ந்துபோனது.

மில் சத்தம் மட்டும் கேட்கும் மதியங்கள் வந்தன. நான் அப்போதும் பதறவில்லை. ஏன் என்று பிற்பாடு யோசித்தபோதுதான் விளங்கியது. என் கணவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வீட்டில் அடுப்பு எரிவது என் தொழிலை நம்பி இல்லை. எனக்குக் கொள்கை பேச முடிந்தது அதனால்தான். அவளுக்கு அப்படி இல்லை. தம்பி படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து, புழு வளர்ப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தினமும் அவள் வாயால் கேட்டதுதான். கேட்டதையும் நான் பேசியதையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் பெங்களூரில் வேலைக்கு விண்ணப்பம் போட்டதை என்னிடம் மறைக்கவில்லை. நேர்முகத்துக்குக் காலை ரயிலில் போனாள். சாயங்காலம் திரும்பி நேரே அறைக்கு வந்தாள்.

"என்ன கேட்டாங்க?"

"அந்தப் பழைய மென்பொருள்ல எத்தன வருசம்னு கேட்டாங்க. நாலு வருசம், அதுவும் ரொம்ப முந்தின்னேன். அப்பறம் என்ன பண்ணீங்கன்னாங்க. நம்ம மென்பொருள் பேரச் சொன்னேன். காலேஜ் பசங்க வெளையாடறதுதானேன்னு சொல்லிட்டு ஒருத்தன் சிரிச்சான்."

"நீ பண்ண போர்டெல்லாம் காட்டலயா?"

"காட்டினேன் புள்ளே. நல்லாருக்குதுன்னாங்க. ஆனா புதுசா சேர்றவங்களோட சேர்ந்துதான் ஆரம்பிக்கோணுமாம்."

அவள் எனக்கு மேல் திறமைசாலி. இதை நான் அடக்கமாகச் சொல்லவில்லை. எங்கள் போர்டுகளை அச்சடித்துத் தந்தவருக்கே தெரியும், எது அவள் செய்தது எது நான் செய்தது என்று. அப்படிப்பட்டவள், தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்களோடு பயிற்சி வகுப்பில் உட்காரப் போனாள்.

அறையை விட்டுப் போகும் நாள், தன் சால்டரிங் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நாம ரெண்டு பேரும் சேந்துதான கணே அன்னைக்கு வேணாம்னு சொன்னோம்?" என்றேன். எதற்காக அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஆறுதல் எனக்குத்தான் தேவைப்பட்டது போலும்.

அவள் சுற்றுவதை நிறுத்தினாள்.

"நானு வேண்டாம்னு சொல்லல புள்ளே. உனக்கு வேண்டாம்னா வுடுன்னுதான் சொன்னேன்."

கோபமில்லை. ஒரு கணக்கில் விட்டுப்போனதைச் சரிசெய்வதுபோலச் சொன்னாள். பிறகு, "வுடு, அது ஆச்சு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, மில்காரரிடம் சொல்லிக்கொள்ளக் கீழே இறங்கினாள்.

நான் தொடர்ந்து அதே மென்பொருளில் வேலை செய்தேன். பிடிவாதம் என்று சொல்ல முடியாது. அது உண்மையாகவே நல்ல கருவியாக வளர்ந்துவிட்டது. அந்த முரட்டுத்தனமெல்லாம் போய், இன்று யார் முன்னாலும் திறந்து காட்டலாம். என்னிடம் வருகிற இளைஞர்களில் பலர் அதிலேயே வரைந்துகொண்டு வருகிறார்கள். "மேடம், நீங்க அப்பவே இதுல இருந்தீங்களா?" என்று வியக்கிறார்கள். தேர்ந்தெடுத்தது தப்பில்லை என்று காலம் சொல்லிவிட்டது. ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் மனசு ஏனோ நிறைவதில்லை.

இரண்டு வருடம் முன்பு அவள் தம்பியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். அவள் சமையல்காரர்களோடும் சொந்தக்காரர்களோடும் ஓடிக்கொண்டிருந்தாள். நான் அவள் அப்பாவோடு புழு மனைப் பக்கம் நடந்தேன். சுவரில் எங்கள் பெட்டி இருந்த இடத்தில் அந்த நிறுவனத்தின் வெள்ளைப் பெட்டி இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"உங்குளுது நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சுங்க அம்மிணி. போன மழைக்கு இடி எறங்குச்சு, நின்னு போச்சு. பாப்பா பெங்களூர்ல. உங்கள எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு..." என்று இழுத்தார்.

"ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனேப்பா."

"வந்திருப்பீங்க, தெரியுமுங்க. அதுக்குத்தான் பண்ணலீங்க."

அவர் குற்றம் செய்தவர்போல நின்றதுதான் எனக்கு அதிக வருத்தம். பழைய பெட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நன்றாகத்தான் வேலை செய்தது.

இந்தத் தசராவுக்கு அவள் மைசூர் வந்திருந்தாள். இப்போது அவளுக்குக் கீழே நாலைந்து பேர் வேலை செய்கிறார்கள். கஷ்டப்பட்டுத்தான் அந்த இடத்துக்கு வந்தாள். தோசை சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அரண்மனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முழங்கால், என் மகளின் படிப்பு என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று சொன்னாள்.

"ஆபீஸ்ல ஒரு சின்ன வேலைக்கு நம்ம மென்பொருள வெச்சுப் பாக்கலாம்னாங்க புள்ளே. யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டாங்க."

"அய்யோ! நீ சொல்லியிருப்பியே!"

"இல்ல. தெரியாதுன்னுட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சட்னியில் தோசையைத் தொட்டு, சாப்பிடாமல் வைத்திருந்தாள்.

"ஏன் கணே?"

"என்னமோ... வாயி வரல. ஒரு சின்னப் பையன் நானு கத்துக்கறேன்னு கைய தூக்குனான். அவனே பண்ணட்டும்னு வுட்டுட்டேன்."

அந்த மென்பொருளில் எத்தனையோ பாகங்களின் படம் இன்றும் அவள் வரைந்ததுதான். அந்தப் பையன் நாளைக்கு அவற்றில் ஒன்றை எடுத்துப் போடுவான், யார் வரைந்தது என்று தெரியாமலே. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் மறுபடியும் நான் பேசுவதாகவும் அவள் சரி என்பதாகவும்தான் முடியும்.

"இன்னொரு தோசை சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் புள்ளே. போதும்" என்றாள்.

இந்த முறை நான் வற்புறுத்தவில்லை.